மோட்டார் தானா நிக்கணும்: ஹோம் அசிஸ்டன்ட், டாஸ்மோட்டா வெச்சு முதல் தபா செட் பண்றவங்களுக்கு

வீட்டு ஆட்டோமேஷன்னு தேடினா எல்லாரும் முதல்ல கலர் மாறுற பல்புதான் காட்டுறாங்க. ஆனா தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி பக்கம் ஒரு வீட்டுல ஆளை நிஜமா அலைய வைக்கிறது தண்ணி மோட்டார்தான். மெட்ரோ வாட்டர் வர்ற நேரத்துக்கு முழிச்சு, சம்ப் ரொம்பிச்சான்னு எட்டிப் பார்த்து, மோட்டார் போட்டு, மொட்டை மாடில டேங்க் வழியுற சத்தம் கேக்குதான்னு காதைத் தீட்டிக்கிட்டே உக்காந்திருக்கணும், அதுவும் நாலு குடித்தனத்துக்கு ஒரே மோட்டார்னா யாரு போட்டது யாரு நிறுத்துறதுன்னே தெரியாது. அதனால இந்தப் பதிவுல முதல் வேலையா மோட்டாரையே எடுத்துக்குவோம், இது ஒழுங்கா வந்துட்டா லைட், ஃபேன் எல்லாம் இதே வழிதான்.

ஒரு விஷயம் முன்னாடியே சொல்லிடறேன். மோட்டாரை நிறுத்துற பொறுப்பை ஒரே இடத்துல வெக்காதீங்க. நம்ம செட்டப்ல மூணு காவல் இருக்கும்: சம்ப் காஞ்சா ஒயரே நிறுத்தும், நேரம் தாண்டினா டாஸ்மோட்டாங்கற சாஃப்ட்வேர் ஏத்தின சின்ன போர்டு நிறுத்தும், டேங்க் ரொம்பினா ஹோம் அசிஸ்டன்ட் (வீட்டுச் சாமானை எல்லாம் ஒரே இடத்துல இருந்து ஓட்டுற சாஃப்ட்வேர்) நிறுத்தும். நெட் போனாலும், வைஃபை போனாலும், ஹோம் அசிஸ்டன்ட் ஓடுற ராஸ்பெர்ரி பைங்கற குட்டி கம்ப்யூட்டரே செத்தாலும் மோட்டார் எரியக்கூடாது. காசு வாங்கிட்டு விக்கிற ஆப் கன்ட்ரோல் பொருள் பலதுல கம்பெனி சர்வர் படுத்தா சுவிட்சும் படுத்துடும், ஓப்பன் சோர்ஸ் (யாரு வேணா எடுத்துப் பார்த்து மாத்திக்கற மாதிரி திறந்து விட்ட சாஃப்ட்வேர்) பக்கம் வாங்கன்னு நான் சொல்றதுக்கு பெரிய காரணமே அதுதான். ஹோம் அசிஸ்டன்ட்டை 2013ல பாலஸ் ஷவுட்சன்ங்கறவர் ஆரம்பிச்சார், 2024ல இருந்து ஓப்பன் ஹோம் ஃபவுண்டேஷன்ங்கற லாப நோக்கமில்லாத அமைப்பு கையில இருக்கு. எல்லாம் நம்ம வீட்டுக்குள்ளயே ஓடும், மாசக் கட்டணம் கிடையாது.

வாங்க வேண்டியது

ராஸ்பெர்ரி பை 4 இல்லன்னா 5, ரேம் 2 ஜிபி இருந்தாலே ஆரம்பிக்கப் போதும். 32 ஜிபி எஸ்டி கார்டு, ஏ2ன்னு போட்டிருக்கறதா பாருங்க. சார்ஜர்ல கஞ்சத்தனம் வேணாம், பை 4க்கு 5 வோல்ட் 3 ஆம்ப், பை 5க்கு 5 வோல்ட் 5 ஆம்ப் வேணும், போன் சார்ஜர் சொருகினா ஓடுற மாதிரி ஓடிட்டு நடுவுல ரீபூட் ஆகும். அப்புறம் ஒரு ஈஎஸ்பி32 போர்டு (வைஃபை உள்ள அந்த சின்ன போர்டு இதுதான்), ஒரு ரிலே மாட்யூல் (போர்டு சொன்னா ஆன் ஆஃப் ஆகுற சின்ன சுவிட்ச், 3.3 வோல்ட் சிக்னலுக்கு வேலை செய்யுமான்னு கேட்டு வாங்குங்க), ரெண்டு ஃப்ளோட் சுவிட்ச் (தண்ணி மட்டத்தோட மிதந்து ஏறி இறங்கி ஆன் ஆஃப் ஆகறது), ஒரு லேன் கேபிள். இதெல்லாம் ரிச்சி ஸ்ட்ரீட்ல கிடைக்கும், திருவொற்றியூர், விம்கோ நகர் பக்கம் இருக்கறவங்க மெட்ரோ ஏறினா அரசினர் தோட்டத்துல இறங்கி நடந்துடலாம்.

எலக்ட்ரிக்கல் சாமான் தனி: 230 வோல்ட் காயில் உள்ள கான்டாக்டர் ஒண்ணு (காயிலுக்கு கரண்ட் போனா மோட்டார் லைனைச் சேர்க்குற பெரிய சுவிட்ச்), ஆட்டோ-ஆஃப்-மேனுவல் செலக்டர் சுவிட்ச் ஒண்ணு, 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா லைனை வெட்டுற பாதுகாப்பு சுவிட்ச்), ஒரு ஆர்சி ஸ்னப்பர் (சுவிட்ச் ஆஃப் ஆகும்போது எகிறுற வோல்டேஜை அடக்கறது). பாரிமுனை பக்கம் பார்க்கலாம்.

கான்டாக்டர் எதுக்கு, ரிலேல தான் 10 ஆம்ப்னு எழுதியிருக்கேன்னு கேப்பீங்க. அந்த 10 ஆம்ப் ஹீட்டர் மாதிரி நேரான லோடுக்கு. 1 எச்பி மோட்டார்னா 746 வாட், ஆனா ஸ்டார்ட் ஆகுற அந்த நொடியில ஓடும்போது எடுக்கறதை விட பல மடங்கு கரண்ட் இழுக்கும், அந்த நீல ரிலேவோட கான்டாக்ட் ஒட்டிக்கும். ஒட்டிக்கிச்சுன்னா ஆப்ல ஆஃப்னு காட்டும், கீழ மோட்டார் ஓடிட்டே இருக்கும். அதனால ரிலே கான்டாக்டரோட காயிலை மட்டும் ஆன் ஆஃப் பண்ணட்டும், மோட்டார் லோடை கான்டாக்டர் தாங்கட்டும்.

ஒயரிங்

இது மட்டும் எலக்ட்ரீஷியன் கையால நடக்கணும், பக்கத்துல நின்னு என்ன வேணும்னு நீங்க சொல்லுங்க. போர்வெல் சப்மெர்சிபிளுக்கு கெப்பாசிட்டர் வெச்ச பேனல் இருக்கும், அதைப் பார்த்துட்டு எங்க கான்டாக்டர் வரணும்னு அவரே முடிவு பண்ணட்டும்.

சம்ப்ல போடற ஃப்ளோட்டை போர்டுக்குக் கொண்டு போகாதீங்க, கான்டாக்டர் காயில் லைன்லயே சீரிஸா போடச் சொல்லுங்க. சம்ப்ல தண்ணி இறங்கினா காயிலுக்கு கரண்ட் போகாது, மோட்டார் நிக்கும், இதுல சாஃப்ட்வேருக்கு வேலையே இல்ல. இந்த ஃப்ளோட் ஒயர்ல 230 வோல்ட் ஓடுறதால ஆர்சிசிபி கட்டாயம் வேணும். இன்னொண்ணு, மோட்டார் சம்ப்ல இருந்து மட்டும்தான் எடுக்கணும், தெரு லைன்ல நேரா மோட்டார் போட்டு உறிஞ்சுறது சட்டப்படி தப்பு, கடைசி வீட்டுக்கு சொட்டு கூட வராது.

செலக்டர் சுவிட்சை மறந்துடாதீங்க. வீட்ல எல்லார்கிட்டயும் போன் இருக்காது, இருந்தாலும் எல்லாரும் ஆப் தொட மாட்டாங்க. மேனுவல்ல திருப்பினா ரிலேவைத் தாண்டி மோட்டார் ஓடணும், அப்பவும் சம்ப் ஃப்ளோட் காவல் லைன்ல இருக்கும். நீங்க ஊர்ல இல்லாத அன்னைக்கு அம்மாவோ மாடி வீட்டு அக்காவோ தண்ணி ஏத்த முடியலன்னா அந்த ஆட்டோமேஷனால யாருக்குப் பிரயோஜனம்?

மேல டேங்க் ஃப்ளோட் வேற கதை. அது போர்டுக்கு வர்ற 3.3 வோல்ட் லைன், குடிக்கிற தண்ணி டேங்க்ல 230 வோல்ட் போக வேணாம். லேன் கேபிள்ல ஒரு ஜோடி ஒயரை மாடில இருந்து கீழ இறக்கி, ஒண்ணை ஈஎஸ்பி32ல 27ம் பின்னுக்கும் இன்னொண்ணை கிரவுண்டுக்கும் கொடுங்க. கேபிள் நீளம்னா 27க்கும் 3.3 வோல்ட்டுக்கும் நடுவுல 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒண்ணு போட்டா சிக்னல் ஆடாது. ரிலே சிக்னல் 26ல. ஸ்னப்பர் காயிலுக்குக் குறுக்க, இல்லன்னா காயில் ஆஃப் ஆகுற ஸ்பைக்ல போர்டு ரீசெட் ஆகும்.

காசிமேடு, ராயபுரம், எண்ணூர்னு கடலை ஒட்டி இருக்கறவங்க பெட்டிக்குத் தனியா காசு ஒதுக்குங்க. உப்புக்காத்து ஸ்க்ரூ டெர்மினலைப் பச்சையாக்கிடும். ஐபி65 பெட்டி (தூசி, தண்ணி உள்ள போகாதது) வாங்கி, ஒயரெல்லாம் அடிப்பக்கமா கிளாண்ட் (ஓட்டையை இறுக்கி அடைக்கற மூடி) போட்டு உள்ள விடுங்க, ஒயர் நுனிக்கெல்லாம் லக் (உலோக முனை) வெச்சு கிரிம்ப் பண்ணுங்க.

ஹோம் அசிஸ்டன்ட் ஏத்துறது

இது சுலபம். கம்ப்யூட்டர்ல ராஸ்பெர்ரி பை இமேஜர் போட்டு, உங்க பை மாடலைத் தேர்ந்தெடுத்து, ஓஎஸ் லிஸ்ட்ல ஹோம் ஆட்டோமேஷன் பிரிவுக்குள்ள ஹோம் அசிஸ்டன்ட்டை எடுத்து எஸ்டி கார்டுல எழுதுங்க. கார்டை பைல சொருகி, ரவுட்டர்ல இருந்து லேன் கேபிள் கொடுத்து, பவர் போடுங்க. முதல் தபா தானே டவுன்லோட் பண்ணி தயாராக 20 நிமிஷம் வரைக்கும் எடுக்கலாம், ஒண்ணும் வரலயேன்னு பவரைப் பிடுங்காதீங்க. அப்புறம் அதே நெட்வொர்க்ல இருக்கற போன் பிரவுசர்ல ஹோம்அசிஸ்டன்ட்னு ஒரே வார்த்தையா இங்கிலீஷ்ல அடிச்சு, புள்ளி, லோக்கல், கோலன், 8123. வரலன்னா ரவுட்டரோட செட்டிங்ஸ் பேஜ்ல பையோட ஐபி (நெட்வொர்க்ல அதோட முகவரி) என்னன்னு பார்த்து, ஐபி கோலன் 8123. அப்படியே அந்த ஐபியை ரவுட்டர்லயே பைக்குன்னு ரிசர்வ் பண்ணிடுங்க, பின்னாடி மாறினா போர்டுக்கு வழி தெரியாது.

அக்கவுன்ட் உருவாக்கினதும் செட்டிங்ஸ்ல ஆட்-ஆன் ஸ்டோருக்குப் போங்க, புது வெர்ஷன்ல ஆப்ஸ்னு இருக்கும். மாஸ்கிட்டோ புரோக்கரை (போர்டும் ஹோம் அசிஸ்டன்ட்டும் பேசிக்க நடுவுல தகவல் கடத்தறது) இன்ஸ்டால் பண்ணி ஸ்டார்ட் கொடுங்க. டிவைசஸ் அண்ட் சர்வீசஸ்ல எம்க்யூடிடி (அந்தத் தகவல் போற முறையோட பேர்) தானா வந்து நிக்கும், ஆட் கொடுங்க. போர்டுக்குன்னு தனியா ஒரு யூசர், பாஸ்வேர்டு உருவாக்கி வெச்சுக்கங்க.

போர்டுல டாஸ்மோட்டா

கம்ப்யூட்டர்ல குரோம் இல்லன்னா எட்ஜ் பிரவுசர்ல டாஸ்மோட்டா வெப் இன்ஸ்டாலர் திறந்து, போர்டை யூஎஸ்பில சொருகி இன்ஸ்டால் அமுக்கினா முடிஞ்சுது. போர்ட் லிஸ்ட்ல எதுவும் வரலன்னா முதல்ல கேபிளை மாத்துங்க, சில கேபிள் சார்ஜ் மட்டும்தான் ஆகும், டேட்டா போகாது. அப்புறம் வைஃபை பேர், பாஸ்வேர்டு கேக்கும், ஈஎஸ்பி32க்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும், 5 கிகாஹெர்ட்ஸ் பேரைக் கொடுக்காதீங்க.

போர்டோட ஐபியை பிரவுசர்ல திறந்து, கான்ஃபிகர் மாட்யூல்ல 26க்கு ரிலே, 27க்கு ஸ்விட்ச்னு தேர்ந்தெடுங்க. ஆன் கொடுத்தா ரிலே ஆஃப் ஆகுதுன்னா பயப்படாதீங்க, ரிலேக்கு பதிலா ரிலே_ஐன்னு இருக்கறதை எடுங்க, அது தலைகீழா வேலை செய்யற மாட்யூலுக்கு. கான்ஃபிகர் எம்க்யூடிடில பையோட ஐபி, போர்ட் 1883, அந்த தனி யூசர், பாஸ்வேர்டு.

இனிமே கன்சோல், போர்டோட அதே பேஜ்ல கமாண்ட் அடிக்கிற இடம். கமாண்ட் பேரை இங்கிலீஷ்ல சேர்த்து அடிச்சு, ஒரு ஸ்பேஸ் விட்டு நம்பர்.

பவர்ஆன்ஸ்டேட் 0. இதைப் போடாம விட்டா, கரண்ட் கட் ஆகும்போது மோட்டார் ஓடிட்டிருந்தா, கரண்ட் திரும்பினதும் அதுவா ஸ்டார்ட் ஆகிடும், ஏன்னா கடைசி நிலைக்குத் திரும்புறதுதான் டாஸ்மோட்டாவோட வழக்கம். ராத்திரி 2 மணிக்கு கரண்ட் வந்தா யாரு பார்ப்பாங்க? 0 போட்டா கரண்ட் வந்தாலும் ஆஃப்லயே இருக்கும்.

பல்ஸ்டைம் 1900. இதுதான் போர்டோட காவல். ரிலே ஆன் ஆனதுல இருந்து இத்தனை நொடின்னு எண்ணி, போர்டே ஆஃப் பண்ணிடும், பையைக் கேக்காது. கணக்கு இப்படி: நொடியோட 100 கூட்டணும். 30 நிமிஷம்னா 1800 நொடி, அதனால 1900. 20 நிமிஷம்னா 1300. உங்க டேங்க் காலியா இருந்து ரொம்ப எத்தனை நிமிஷம் ஆகுதுன்னு கடிகாரம் வெச்சுப் பாருங்க, அதுக்கு மேல ரெண்டு மூணு நிமிஷம் சேர்த்துப் போடுங்க, அதுக்கு மேல வேணாம்.

செட்ஆப்ஷன்114 1 போட்டா ஃப்ளோட் நேரா ரிலேவைத் தொடாம ஹோம் அசிஸ்டன்ட்டுக்குத் தகவலா மட்டும் போகும். ஸ்விட்ச்மோட்1 1 போட்டுட்டு ஃப்ளோட்டைக் கையால தூக்கிப் பாருங்க, தூக்கினா ஆன் வரணும், தலைகீழா வந்தா 2 போடுங்க. தண்ணி விழுற வேகத்துல ஃப்ளோட் ஆடும், அதுக்கு ஸ்விட்ச்டிபவுன்ஸ் (SwitchDebounce) 500.

ஆட்டோமேஷன்

இப்ப ஹோம் அசிஸ்டன்ட்டுக்கு வந்தா டாஸ்மோட்டா புதுசா கண்டுபிடிச்சிருக்குன்னு காட்டும், ஆட் பண்ணுங்க. மோட்டார் ஒரு சுவிட்சாவும் டேங்க் ஃப்ளோட் ஒரு சென்சாராவும் வரும், பேரை மோட்டார், மேல் டேங்க்னு தமிழ்லயே வெக்கலாம்.

ஆட்டோமேஷன்ல புதுசு ஒண்ணு: மேல் டேங்க் ஆன் ஆனா, மோட்டார் ஆஃப், கூடவே போனுக்கு நோட்டிஃபிகேஷன். அதுக்கு ஹோம் அசிஸ்டன்ட் ஆப் போன்ல இருக்கணும். மெசேஜை "டேங்க் ரொம்பிடுச்சு, மோட்டார் நிறுத்தியாச்சு"ன்னு வீட்ல பேசற மாதிரியே எழுதுங்க. நாலு குடித்தனம்னா நாலு பேர் போனுக்கும் போகட்டும், தண்ணி விஷயத்துல எல்லாருக்கும் ஒரே நேரத்துல தெரியறது பாதி சண்டையைக் குறைக்கும். மோட்டார் தானா ஆன் ஆகுறதை முதல்ல வெக்காதீங்க. சில வாரம் கையால ஆன், தானா ஆஃப்னு ஓட்டிப் பாருங்க, நம்பிக்கை வந்த பிறகு நேரம் வெச்சு ஆன் பண்ணலாம்.

சோதனை

பையோட பவரைப் பிடுங்கிட்டு, போர்டோட ஐபியை பிரவுசர்ல திறந்து அங்க இருந்து மோட்டார் போடுங்க, பல்ஸ்டைம் முடிஞ்சு நிக்குதான்னு பாருங்க. மோட்டார் ஓடும்போது மெயினை இறக்கி ஏத்துங்க, ஓடக்கூடாது. சம்ப் ஃப்ளோட்டைத் தொங்க விடுங்க, கான்டாக்டர் டக்குனு விடணும், மேனுவல்லயும் இதையே பாருங்க. ஃப்ளோட்டைத் தொடும்போது மெயின் இறக்கியிருக்கணும், ஒரு குச்சில கட்டி வெச்சு அப்புறம் ஏத்துங்க. இதுல ஒண்ணு தவறினாலும் ஆட்டோல விட்டுட்டு வெளிய போகாதீங்க.

எல்லாம் சரின்னா செட்டிங்ஸ்ல பேக்கப் எடுத்து வேற இடத்துல சேமிங்க, கூட வர்ற என்கிரிப்ஷன் கீயைத் தனியா எழுதி வெச்சுக்கங்க, எஸ்டி கார்டு ஒருநாள் போகும், கீ இல்லாத பேக்கப்பைத் திறக்க முடியாது. வெளிய இருந்து பார்க்கணும்னா ரவுட்டர்ல போர்ட் திறந்து விடாதீங்க, மோட்டாரை ஊருக்கே திறந்து விடற மாதிரி ஆகிடும். டெயில்ஸ்கேல் (வெளிய இருந்து வீட்டு நெட்வொர்க்குக்குப் பத்திரமா தனி வழி போடறது) ஆட்-ஆன் போட்டு அதே அக்கவுன்ட்டை போன்லயும் போட்டா போதும், நிறைய பிராட்பேண்ட் கனெக்ஷன்ல போர்ட் திறந்தாலும் வேலை செய்யாது, இது அங்கயும் வேலை செய்யும்.