பின்னணி நிரலைச் சோதிக்க

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துக் கிராணி ஆபீஸ்களில் செம்பனை எடைக் கணக்கை ஷெல் ஸ்கிரிப்டில் (கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த கோப்பில்) ஓட்டுபவர்களுக்கு ஒரு குறிப்பு. வரிக் கடைசியில் & போட்டுப் பின்னணிக்கு அனுப்பிய நிரல் உடனே செத்தாலும், ஷெல் 0, அதாவது வெற்றி, என்றே சொல்லும். அதை நம்பிச் சோதனையை பாஸ் போடாதீர்கள். அடுத்த வரியிலேயே $! மதிப்பை, அதாவது கடைசியாகப் பின்னணிக்குப் போன நிரலின் அடையாள எண்ணை, ஒரு மாறியில் பிடித்து, அந்த எண்ணோடு ‘வெயிட்’ (wait) கட்டளை கொடுங்கள்; நிரலின் உண்மையான முடிவு எண் அப்போதுதான் வரும்.

நிற்காமல் ஓடும் சர்வரா? சரி, அதே எண்ணோடு ‘கில் -0’ (kill -0) போதும். நிரல் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும், நிறுத்தாது.

அப்புறம், பின்னணி நிரலின் வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பிவிடுங்கள். இல்லையென்றால், ஸ்கிரிப்டின் வெளியீட்டை மாறியில் வாங்கும் சோதனை அந்த நிரல் முடியும்வரை தொங்கிக்கொண்டே இருக்கும். ‘ஸ்லீப் 5’ (sleep 5) என்று ஐந்து விநாடி காத்திருக்க வைத்துச் சமாளிப்பது, பழைய கம்ப்யூட்டர் திணறும் நாளில் காலை வாரிவிடும். ஸ்கிரிப்ட் முடியும்போது இன்னும் ஓடும் பின்னணி நிரல்களை நிறுத்த ‘டிராப்’ (trap) கட்டளையை ஸ்கிரிப்டின் தொடக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.