திகில் படங்களுக்கு மதிப்பெண் முறை வகுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

திகில் படங்களுக்கு மதிப்பெண் போடுகிறவர்கள் பெரும்பாலும் ஒளிப்பதிவு, பின்னணி இசை, நடிப்பு, திரைக்கதை, அச்சம் என ஐந்து தலைப்புகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று போட்டு, கூட்டி ஐந்தால் வகுத்துவிடுகிறார்கள். பார்வைக்கு நியாயமாகத் தோன்றும் இந்தக் கணக்குதான் முதல் தவறு. ஒரு படம் முதல் நான்கு தலைப்புகளில் 9, 9, 8, 7 பெற்று, அச்சத்தில் 2 மட்டுமே பெறுகிறது என்று வைத்துக்கொள்வோம், சராசரி 7. இன்னொரு படம் முதல் நான்கில் 6, 6, 7, 6 என்று நடுத்தரமாக நின்று, அச்சத்தில் 9 பெறுகிறது. அதன் சராசரி 6.8. ஆக, யாரையும் பயமுறுத்தாத படம், பார்த்தவர்களின் தூக்கத்தைக் கெடுத்த படத்தை முந்திவிடுகிறது. அச்சத்துக்குப் பாதியும் மற்ற நான்கின் சராசரிக்குப் பாதியும் ஒதுக்கினால், முதல் படம் ஏறத்தாழ 5.1 ஆக இறங்கும், இரண்டாவது 7.6 ஆக ஏறும். சரியாகப் பாதிதான் தர வேண்டும் என்பதில்லை. ஆனால், எந்த உணர்வுக்காக ஒரு படம் எடுக்கப்பட்டதோ அந்த உணர்வை ஐந்தில் ஒன்றாகச் சுருக்குவது அந்தப் படத்துக்குச் செய்யும் அநீதி.

அடுத்த தவறு, அச்சம் முழுவதையும் ஒரே எண்ணில் அடக்குவது. நிசப்தமான காட்சியில் திடீரென்று பேரொலி எழுந்தால் எவருடைய உடலும் துள்ளும். அடுத்த வீட்டுக் கதவு காற்றில் அறைந்தாலும் அப்படித்தான் துள்ளும். ஜம்ப் ஸ்கேர் என்று சொல்லப்படும் இந்தத் திடுக்கிடல் வேறு. ஏதோ நடக்கப்போகிறது என்று தெரிந்தும் அது எப்போது, எங்கிருந்து வரும் என்று தெரியாமல் நாற்காலியின் கைப்பிடியைப் பற்றிக்கொள்ளும் பதற்றம் வேறு. படம் முடிந்து விளக்கை அணைத்த பிறகும் விலகாத பயம் வேறு. 1999இல் வெளியான 'தி பிளேர் விட்ச் புராஜெக்ட்' படத்தில் சூனியக்காரி கடைசிவரை திரையில் காட்டப்படுவதே இல்லை. பேயின் ஒப்பனைக்கும் திடுக்கிடும் காட்சிகளின் எண்ணிக்கைக்கும் மதிப்பெண் தரும் எந்த முறையும் அந்தப் படத்தைத் தோற்கடித்துவிடும். எனவே திடுக்கிடல், பதற்றம், விலகாத பயம் ஆகிய மூன்றுக்கும் தனித்தனி எண் தேவை. மூன்றாவதை அன்றிரவே போட்டுவிடவும் கூடாது. ஓரிரு நாள் கழித்து, படத்தில் எது இன்னும் மனத்தில் நிற்கிறது என்று பார்த்துவிட்டுப் போடுவதே சரி.

பேயும் நகைச்சுவையும் கலந்த படங்களை இதே தராசில் நிறுத்துவதும் தவறு. 2011இல் வந்த 'காஞ்சனா' போன்ற படங்கள் சிரிப்பையும் பயத்தையும் சேர்த்தே தர முயல்கின்றன. அவற்றுக்குத் தனிப் பட்டியல் வைப்பதே நேர்மையானது.

எண்ணுக்குப் பொருள் எழுதாமல் தொடங்கினால், எல்லாப் படங்களும் 6க்கும் 8க்கும் இடையில் வந்து அடைந்துகொள்ளும். 3 என்றால் என்ன, 5 என்றால் என்ன என்று ஒவ்வொரு வரி எழுதி, பலரும் பார்த்த ஒரு படத்தை ஒவ்வொன்றுக்கும் அடையாளமாக வைத்துக்கொண்டால் கை தானாகவே கட்டுப்படும்.

பார்த்த சூழலைக் குறிக்காமல் விடுவதைப் பலரும் பெரிதாக எண்ணுவதில்லை. 1960இல் 'சைக்கோ' வெளியானபோது, படம் தொடங்கிய பின் எவரையும் அரங்குக்குள் விடக் கூடாது என்று அதன் இயக்குநர் ஹிட்ச்காக் வலியுறுத்தினார். எப்படிப் பார்க்கிறோம் என்பதும் அச்சத்தின் ஒரு பகுதி என்பதை அவர் அறிந்திருந்தார். இருட்டரங்கில் பார்த்த படத்தையும், பட்டப்பகலில் கைப்பேசியில் நிறுத்தி நிறுத்திப் பார்த்த படத்தையும் ஒப்பிடும் பட்டியலில் அந்த வேறுபாடு எழுதப்பட்டிருக்க வேண்டும்.

பலருடைய மதிப்பெண்களைத் திரட்டுகிறவர்கள் சராசரியை மட்டும் வெளியிடுவது இன்னொரு தவறு. பத்துப் பேரும் 6 போட்டாலும் சராசரி 6. ஐந்து பேர் 9, ஐந்து பேர் 3 போட்டாலும் சராசரி 6. இரண்டாவது வகைப் படம்தான் திகில் ரசிகர்கள் தேடிப் போய்ப் பார்க்க வேண்டிய படமாக இருக்கக்கூடும். 2018இல் வந்த 'ஹெரெடிட்டரி' படத்தை விமர்சகர்கள் கொண்டாடினார்கள். அமெரிக்க அரங்குகளில் பார்வையாளர்களிடம் கருத்துக் கேட்கும் சினிமாஸ்கோர் கணிப்பிலோ அதற்கு டி பிளஸ் என்ற தாழ்ந்த தரம்தான் கிடைத்தது. விமர்சனங்களைத் திரட்டும் இணையதளமான ராட்டன் டொமேட்டோஸ் காட்டும் விழுக்காட்டையும் மதிப்பெண்ணாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எத்தனை விமர்சகர்களுக்குப் படம் பிடித்தது என்பதையே அது சொல்கிறது, எவ்வளவு பிடித்தது என்பதை அல்ல.

பழைய மதிப்பெண்ணை அழித்துவிட்டுப் புதியதை எழுதுவதும் வேண்டாம். 1982இல் கடுமையாக விமர்சிக்கப்பட்ட 'தி திங்' இன்று திகில் படங்களின் முன்வரிசையில் நிற்கிறது. மறுமுறை பார்த்து மனம் மாறினால், புதிய எண்ணைத் தேதியோடு பக்கத்தில் எழுதினால் போதும். ஆனால் தலைப்புகளின் பங்கையே மாற்றினால், அதற்கு முன் மதிப்பிட்ட எல்லாப் படங்களுக்கும் மறுபடி கணக்கிட வேண்டும். அதற்காகவே மொத்த எண்ணோடு நில்லாமல், ஒவ்வொரு தலைப்பின் எண்ணையும் தொடக்கம் முதலே பதிந்துவைக்க வேண்டியிருக்கிறது.