கிளிப்புக்கு அடியில் துரு: வேன் பிரேக் பைப் மாற்றிய அனுபவம்

காசிமேட்டு உப்புக்காற்றில் நிற்கும் பழைய வேன். பெடல் மெல்ல இறங்கியது, பிரேக் ஆயில் குறைந்தது, சக்கரங்களிலோ கசிவே இல்லை. வீல் சிலிண்டர் (சக்கரத்தில் பிரேக்கை அழுத்துவது), மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்ததும் ஆயிலைத் தள்ளுவது) கிட் மாற்றியதில் மூன்று நாள் வீண்.

கடைசியில் எரிபொருள் டேங்குக்கு மேலே போகும் பிரேக் பைப்பின் கிளிப்பைக் கழற்றினேன். வெளியே தெரிந்த பைப் நன்றாக இருந்தது. கிளிப்புக்குள் ஈர மணல், அதன் கீழே ஊசித்துளை. துருவைச் சுரண்டி ஒட்டுப்போடுவது ஆபத்து, முழு பைப்பையும் மாற்றுங்கள்.

4.75 மி.மீ. குப்ரோ நிக்கல் (செம்பும் நிக்கலும் கலந்த உலோகம்) பைப் வாங்கினேன். வெறும் செம்பு வேண்டாம், அதிர்வில் விரிசல் விடும். இறுகிய நட்டுக்குப் பைப்பை வெட்டிவிட்டு ஆறுமுனை சாக்கெட் போட்டதும் திரும்பியது. புது நட்டைக் கோர்த்த பிறகே டபுள் ஃப்ளேர் (பைப் முனையை விரித்து இரண்டாக மடிப்பது) அடிக்க வேண்டும். மறந்தால் அந்த முனை வீண். ஃப்ளேர் வடிவம் பழைய முனை மாதிரியே இருக்கணும். பிறகு புது ஆயில் ஊற்றி, மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரத்துச் சக்கரத்தில் தொடங்கி, பைப்புக்குள் இருந்த ஏரை எடுத்தேன். பெடல் இப்போது கல் மாதிரி நிற்கிறது.