விண்டோஸ் 11 ஏறாத பழைய கணினிக்கு என்ன வழி

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. பழைய கணினிகளைப் பழுது பார்ப்பதுதான் என் வேலை. இப்போது என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடு வருகிறார்கள்: "விண்டோஸ் 11 இதில் ஓடாது என்று காட்டுகிறது, புதுசு வாங்கிவிடட்டுமா?" கொஞ்சம் பொறுங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். அந்தச் செய்தி வருவதற்குப் பல காரணங்கள் உண்டு. பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன்பே எழுந்து கணினியை இயக்கிவைக்கும் அடிப்படை மென்பொருளில், ஒரு வசதி அணைந்து கிடப்பதும் காரணமாக இருக்கலாம், புராசஸரே பழையதாக இருப்பதும் காரணமாக இருக்கலாம். முதல் வகை என்றால் பத்து நிமிட வேலை. இரண்டாவது வகைக்கு வேறு வழிகள் இருக்கின்றன.

ஆதரவு முடிந்ததால் கணினி நின்றுவிடாது. நேற்று வரை ஓடியது இன்றும் ஓடும். ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளை யாரும் அடைத்துத் தர மாட்டார்கள். இணையத்தில் இருக்கும் கணினிக்கு, அதிலும் வங்கிக் கணக்கு திறக்கும் கணினிக்கு, இது நாளாக நாளாகக் கூடிக்கொண்டே போகும் ஆபத்து.

எதைத் தொடுவதற்கு முன்பும் இரண்டு வேலைகளை முடித்துவிடுங்கள். ஒன்று, கோப்புகளை வெளி டிஸ்க்கில் நகல் எடுப்பது. டாக்குமென்ட்ஸ், படங்கள், டெஸ்க்டாப் ஆகியவற்றை எல்லோரும் எடுத்துவிடுவார்கள். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளும், அவுட்லுக்கில் தரவிறக்கிய பழைய மின்னஞ்சல்களும்தான் விட்டுப்போகும். நம்மவர்களுக்கு இன்னொன்றும் உண்டு: யூனிகோடுக்கு முந்தைய பாமினி போன்ற எழுத்துருக்கள். அவற்றில் அடித்த கடிதங்களும் கையெழுத்துப் பிரதிகளும் இருந்தால், ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் இருக்கும் அந்த எழுத்துருக் கோப்புகளையும் சேர்த்து நகல் எடுங்கள். இல்லாவிட்டால் புதிய கணினியில் அந்த ஆவணம் திறக்கும், ஒரு வரி படிக்க முடியாது.

இரண்டாவது, பிட்லாக்கர் மீட்புச் சாவி. டிஸ்க்கில் இருப்பதைக் குறியாக்கம் செய்து பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதிதான் பிட்லாக்கர். பல லேப்டாப்புகளில் மைக்ரோசாஃப்ட் கணக்கு போட்டு உள்ளே நுழைந்ததுமே டிஸ்க் குறியாக்கம் தானாகத் தொடங்கிவிடுகிறது. உரிமையாளருக்கே அது தெரிந்திருக்காது. பயாஸில் பாதுகாப்பு அமைப்புகளை மாற்றிவிட்டுத் திரும்பினால், 48 இலக்கச் சாவியைக் கேட்டு நீலத் திரை வரலாம். சாவி கையில் இல்லையென்றால் டிஸ்க்கில் இருப்பது அத்தனையும் போனது போனதுதான், என்னாலும் எடுத்துத் தர முடியாது. மைக்ரோசாஃப்ட் கணக்கின் இணையப் பக்கத்தில் அந்தச் சாவி இருக்கும். தேடி எடுத்துக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது சோதனைக்கு வருவோம். ஸ்டார்ட் மெனுவில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தேடித் திறந்தால் மூன்று விஷயங்கள் தெரியும்: புராசஸரின் பெயர், சிஸ்டம் 64 பிட்டா 32 பிட்டா, பயாஸ் மோடு யூஇஎஃப்ஐயா (புதிய முறை) லெகசியா (பழைய முறை).

முதலில் புராசஸர். மற்றதெல்லாம் சரிசெய்யக்கூடியவை, இது ஒன்றுதான் அப்படியில்லை. இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையும் அதற்கு மேலும் தேவை. பெயரில் கோடுக்குப் பின் வரும் எண்ணைப் பாருங்கள். ஐ5-8250யூ எட்டாம் தலைமுறை, அது போதும். ஐ5-7200யூ ஏழாம் தலைமுறை, போதாது. ஐ5-10210யூ பத்தாம் தலைமுறை. முதலில் ஒன்று இருக்கிறதே என்று அதைப் பழசாக நினைத்துவிடாதீர்கள். ஏஎம்டி ரைசனில் 2000 வரிசையிலிருந்து என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் ரைசன் 5 2500யூ போன்ற லேப்டாப் சிப்புகள் உள்ளே பழைய வடிவமைப்பு என்பதால் விண்டோஸ் 11 ஆதரிக்கும் புராசஸர்களின் பட்டியலில் இல்லை. எண்ணை மட்டும் நம்பாமல் மைக்ரோசாஃப்டின் அந்தப் பட்டியலில் முழுப் பெயரைத் தேடிப் பாருங்கள்.

அடுத்தது டிபிஎம் 2.0, அதாவது ரகசியச் சாவிகளைப் பாதுகாக்கும் வன்பொருள் வசதி. விண்டோஸ் 11 இதையும் கேட்கும். செட்டிங்ஸில் விண்டோஸ் செக்யூரிட்டி, அதில் டிவைஸ் செக்யூரிட்டி என்று போனால் 'செக்யூரிட்டி புராசஸர்' என்று ஒரு பகுதி தெரிய வேண்டும். புராசஸர் புதியது, ஆனால் இந்தப் பகுதியையே காணோம் என்றால் மனம் தளர வேண்டாம். அநேகமாக அது பயாஸில் அணைந்து கிடக்கிறது. சமீபத்தில் எட்டாம் தலைமுறை ஐ3 போட்ட ஒரு டெஸ்க்டாப் வந்தது. குப்பைக்குப் போக வேண்டியது என்று அதன் உரிமையாளரிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். பயாஸுக்குள் போய் 'இன்டெல் பிடிடி' என்ற வரியை இயக்கிவிட்டேன், அவ்வளவுதான். இப்போது அதில் விண்டோஸ் 11 நன்றாக ஓடுகிறது. ஏஎம்டி போர்டுகளில் இதே வசதிக்கு 'எஃப்டிபிஎம்' என்று பெயர். செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு, சிபியு கான்ஃபிகரேஷன் என்று ஒவ்வொரு போர்டிலும் ஒவ்வோர் இடத்தில் ஒளிந்திருக்கும். பக்கத்திலேயே 'கிளியர் டிபிஎம்' என்று ஒன்று இருந்தால் அதைத் தொடாதீர்கள்.

விண்டோஸ் 11-க்கு யூஇஎஃப்ஐ வேண்டும். பயாஸ் மோடு லெகசி என்று காட்டினால் வேலை கொஞ்சம் கூடுதல், வரிசையும் முக்கியம். பயாஸை உடனே யூஇஎஃப்ஐக்கு மாற்றினால், எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரிக்கப்பட்ட டிஸ்க்கிலிருந்து விண்டோஸ் எழாது. பலர் இந்த இடத்தில்தான் பயந்து போகிறார்கள். பழைய அமைப்புக்கே திருப்பி வைத்தால் மறுபடி எழும். முதலில் டிஸ்க்கை ஜிபிடி என்ற புதிய முறைக்கு மாற்ற வேண்டும். அதற்கு எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி விண்டோஸ் 10-இன் 1703 பதிப்பிலிருந்து கூடவே வருகிறது. பிட்லாக்கர் இயங்கினால் அதை நிறுத்தி வையுங்கள். அப்புறம் அந்தக் கருவியின் 'வேலிடேட்' கட்டளையைக் கொடுத்து ஒத்திகை பாருங்கள். அது பச்சைக்கொடி காட்டினால் மட்டும் 'கன்வெர்ட்' கட்டளைக்குப் போங்கள். சிஸ்டம் டிஸ்க்கில் மூன்றுக்கு மேல் பிரைமரி பார்ட்டிஷன்கள் (டிஸ்க்கின் முதன்மைப் பிரிவுகள்) இருந்தாலோ, எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷன் இருந்தாலோ அது மறுத்துவிடும். மாற்றம் முடிந்த பிறகு பயாஸில் லெகசி முறைக்கு இடம்கொடுக்கும் சிஎஸ்எம்மை அணைத்து யூஇஎஃப்ஐ ஆக்குங்கள். நம்பகமான மென்பொருளை மட்டும் எழவிடும் செக்யூர் பூட்டைக் கடைசியாக இயக்குங்கள்.

32 பிட் விண்டோஸ் 10 இருந்தால் மேலேயே ஏற்ற முடியாது. விண்டோஸ் 11 64 பிட்டில் மட்டுமே வருகிறது, அதனால் புதிதாகத்தான் நிறுவ வேண்டும். ராம் 4 ஜிபி, டிஸ்க் 64 ஜிபி போதும் என்று அறிவித்திருக்கிறார்கள். 4 ஜிபியில் பிரவுசரில் நாலு பக்கம் திறந்தாலே திணறுகிறது, நான் 8 ஜிபிக்குக் குறைந்து பரிந்துரைப்பதில்லை. பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் இருந்தால் அதை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுங்கள். பழைய கணினிக்குச் செய்யக்கூடிய மேம்பாடுகளில் கண்ணுக்குத் தெரியும் பலன் தருவது இதுதான்.

ஏற்றும்போது பிரின்டர், வெளி டிஸ்க் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். தனியாக வாங்கிப் போட்ட ஆன்டிவைரஸையும் நீக்கிவிடுங்கள். ஏறிய பிறகு பிரின்டர், ஸ்கேனர், வெப்கேம், தமிழ்த் தட்டச்சு என்று அன்றாடம் பயன்படுத்தும் ஒவ்வொன்றையும் உடனே சோதியுங்கள். பிடிக்கவில்லையென்றால் பழையதற்குத் திரும்ப 10 நாள் அவகாசம்தான். அதற்குள் டிஸ்க் கிளீனப் ஓட்டிப் பழைய விண்டோஸ் ஃபோல்டரை அழித்துவிட்டால் அந்த வழியும் அடைபட்டுவிடும்.

புராசஸரே பழையது என்றால்? விண்டோஸின் பதிவேட்டில் (ரெஜிஸ்ட்ரி) ஒரு மாற்றம் செய்தோ, ரூஃபஸ் என்ற கருவி கொண்டு யுஎஸ்பி தயாரித்தோ தடையைத் தாண்டலாம் என்று நிறையப் பேர் சொல்லித் தருகிறார்கள். ஏறுவது உண்மைதான். ஆனால் அப்படி ஏற்றிய கணினிக்குப் புதுப்பிப்புகள் கிடைக்கும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தரவில்லை. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து எஸ்எஸ்இ 4.2 என்ற புராசஸர் கட்டளைகள் இல்லாத மிகப் பழைய சிப்புகளில் அது எழுவதே இல்லை. தன் கணினியில் யாரும் பரிசோதித்துப் பார்க்கலாம். கணினி தெரியாத ஒருவரின் ஒரே கணினியில் நான் இதைச் செய்வதில்லை. ஒரு புதுப்பிப்பு பாதியில் நின்றால் அவர் யாரிடம் போவார்?

அவர்களுக்கு நான் சொல்வது இரண்டு வழி. அதே மென்பொருள்கள் கட்டாயம் வேண்டும், யோசிக்க அவகாசமும் வேண்டும் என்றால், மைக்ரோசாஃப்டின் நீட்டித்த பாதுகாப்புப் புதுப்பிப்புத் திட்டத்தில் சேருங்கள். தனிநபர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை என்று அறிவித்த திட்டம் அது. விண்டோஸ் 10, 22எச்2 பதிப்பில் இருக்க வேண்டும், மைக்ரோசாஃப்ட் கணக்கும் வேண்டும். விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே சேர்வதற்கான இணைப்பு வரும். கணினி அமைப்புகளை அந்தக் கணக்கில் ஒத்திசைக்கச் சம்மதித்தால் பணம் கட்டாமலே சேரலாம். பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும்தான் வரும், புதிய வசதிகள் வராது. வராமல் இருப்பதே நல்லது என்பேன்.

பிரவுசர், மின்னஞ்சல், கடிதம் அடிப்பது, படம் பார்ப்பது, இவ்வளவுதான் தேவை என்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போடுங்கள். அதன் 22-ஆம் பதிப்புக்கு 2029 வரை ஆதரவு உண்டு. நிறுவாமலேயே யுஎஸ்பியிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம் என்பது அதன் பெரிய வசதி. அப்படி ஓட்டும்போதே வைஃபை வருகிறதா, ஒலி கேட்கிறதா, பிரின்டர் அச்சடிக்கிறதா, மூடித் திறந்தால் லேப்டாப் விழிக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். தமிழ் 99 விசைப்பலகையை ஐபஸ் என்ற தட்டச்சு வசதி வழியாகச் சேர்த்துக்கொள்ளலாம். கணக்கு மென்பொருளோ, விண்டோஸில் மட்டும் ஓடும் டிஜிட்டல் கையொப்ப டோக்கனோ உங்கள் பிழைப்புக்கு வேண்டும் என்றால் இந்த வழி சரிப்படாது, அதை முன்பே சொல்லிவிடுகிறேன்.

என் அத்தையின் ஏழாம் தலைமுறை லேப்டாப்பில் மின்ட்தான் போட்டுக் கொடுத்தேன். அவருடைய பழைய ஸ்கேனருக்கு மட்டும் லினக்ஸில் டிரைவர் கிடைக்கவில்லை. அதற்காக எஸ்எஸ்டியில் விண்டோஸ் 10-ஐயும் ஒரு பகுதியில் விட்டு வைத்தேன். அந்தப் பக்கம் வைஃபையை அணைத்துவிட்டேன். ஸ்கேன் செய்த கோப்பைப் பொதுவான ஒரு பார்ட்டிஷனில் சேமிப்பார், மின்டுக்குள் வந்து அங்கிருந்து அனுப்பிக்கொள்வார்.