தொற்றுக் காலத்தில் பேரிடர் ஒத்திகை: சிக்கல் வாசலில்தான்

காய்ச்சல் வார்டு நிரம்பியிருக்கும்போது ஒத்திகையா என்று கேட்பார்கள். ஒக்கி புயல் 2017 நவம்பர் 30 அன்று நம் கன்னியாகுமரி மாவட்டத்தைத் தாக்கியது. மழைக்காலக் காய்ச்சல்கள் கூடுவதும் அதே பருவத்தில்தான். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே ஒத்திகையை முடித்துவிடுங்கள்.

படி 1. மருத்துவமனை வரைபடத்தை மேசையில் விரித்துப் பேசுங்கள். வாயில் காவலரும் தூய்மைப் பணியாளரும் கட்டாயம் வேண்டும்; எந்தக் கதவு பூட்டியே கிடக்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

படி 2. ஒரே ஷிப்ட் ஊழியர்களை மட்டும் சேருங்கள். நோயாளிகளாக நடிக்க ஆள் திரட்ட வேண்டாம். தலையணையில் அட்டையைக் கட்டி மூச்சு, நாடி, காயம் எழுதினால் போதும். எனக்கு இதுவே பிடித்த முறை. காலாவதியான பாதுகாப்பு உடைகளில் ‘பயிற்சி’ என்று பெரிதாக எழுதிப் பயன்படுத்துங்கள், புதியவற்றைத் தொடாதீர்கள்.

படி 3. எங்கள் ஒத்திகை நின்றுபோன இடம் இது. குளச்சல் கடலில் வள்ளம் கவிழ்ந்து மீனவர்கள் வருகிறார்கள் என்பது காட்சி. கடல்நீர் குடித்தவர் இருமுவார், மூச்சு வாங்குவார். தொற்று உள்ளவரும் அப்படித்தான். காய்ச்சல் பார்த்துவிட்டு உள்ளே விடலாம் என்றால் வரிசை வாசலிலேயே தேங்கிவிடும். போதாததற்கு, நனைந்து குளிர்ந்த நெற்றியில் வெப்பமானி காட்டும் எண்ணை நம்ப முடியாது.

எனவே முதலில் நிலைமையின் தீவிரத்தைக் காட்டும் நிறப் பட்டை, பிறகுதான் தொற்று. நடக்க முடிந்தவருக்குப் பச்சைப் பட்டை. மூச்சு நிமிடத்துக்கு 30-ஐத் தாண்டினால் சிவப்பு. அவர் நேரே உள்ளே போகட்டும். அவருக்குத் தொற்று இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு நாம் முழுப் பாதுகாப்போடு தொடுவோம். மூச்சுத் திணறுபவர் முகத்தில் முகக்கவசம் மாட்ட வேண்டாம். வீட்டில் யாருக்காவது காய்ச்சலா என்பதை உறவினரிடம் பிறகு கேட்கலாம். பச்சைப் பட்டைக்காரர்களிடம் அங்கேயே கேட்டு, ஆம் என்றால் தனிக் கூடாரத்துக்கு அனுப்புங்கள்.

படி 4. உடை கழற்றுவதையும் ஒத்திகையில் சேருங்கள். கையுறை, கண்ணாடி, மேலங்கி, கடைசியாக, அறைக்கு வெளியே வந்தபின், முகக்கவசம். நடுவே கை அழுக்கானால் உடனே சுத்தம். எல்லாம் முடிந்ததும் கட்டாயம். களைத்தவர் வரிசையை மறப்பார், ஆகவே ஒருவர் எதிரே நின்று சொல்லித்தர வேண்டும்.

படி 5. குறைகளைப் பேச மூடிய அறையில் கூடாதீர்கள். மரத்தடி நல்லது.

பின்சேர்க்கை: எங்களுக்கு ஒரே வாசல்தானே என்று தக்கலைப் பக்கத்து வாசகர் கேட்டிருந்தார். கூடாரத்தை வாசலுக்கு வெளியே போடுங்கள். 108 ஓட்டுநர் வரும் வழியிலேயே அழைத்துச் சொன்னால் வழியை ஒழித்து வைக்கலாம். பாதையைப் பிரிக்கச் சுண்ணாம்புக் கோடு வேண்டாம், மழையில் கரைந்துவிடும், கயிறு கட்டுங்கள்.