குழந்தைகள் பிசியோ போஸ்டிங்: ஒரு நாளை எப்படி நடத்துவது

பிபிடி (பிசியோதெரபி பட்டப்படிப்பு) இன்டர்ன்ஷிப்பில் குழந்தைகள் பிரிவு போஸ்டிங் வந்ததும் பாதிப் பேர் கேட்பது, எந்த டெக்னிக் படித்துவிட்டு வரவேண்டும் என்றுதான். படியுங்கள், நல்லதுதான். ஆனால் குழந்தை உங்கள் கையில் இருக்கப்போவது அதிகம் போனால் முக்கால் மணி நேரம், மிச்சப் பொழுதெல்லாம் அம்மா இடுப்பிலும் பாட்டி மடியிலும்தான் வளர்கிறது. அதனால் அந்த முக்கால் மணி நேரத்திலிருந்து அம்மா எதை வீட்டுக்குக் கொண்டுபோகிறார் என்பதை வைத்தே உங்கள் நாளைத் திட்டமிடுங்கள்.

காலையில் நகத்தை ஒட்ட வெட்டி, மோதிரம், வளையல், வாட்ச் எல்லாம் கழற்றிவிடுங்கள். தரையில் உட்கார்ந்து எழ வசதியான உடை போதும். நம்ம வேலூரில் காட்பாடி - பாகாயம் டவுன் பஸ் கூட்டமாகும் முன்பே ஏறிவிடுங்கள், வயிற்றுக்கும் ஏதாவது போட்டுக்கொள்ளுங்கள், நடுவில் சாப்பிட நேரம் கிடைக்காது. போனதும் மேட்டைத் (பயிற்சி விரிப்பை) துடைத்து, குழந்தைகள் வாயில் வைக்கிற பொம்மைகளைக் கழுவி வைத்துவிட்டு கேஸ் ஷீட்டை எடுங்கள். அதில் முதலில் பார்க்கவேண்டியது எத்தனை வாரத்தில் பிறந்தது என்பது. 32 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு இப்போது 8 மாதம் என்றால், முன்கூட்டியே பிறந்த இரண்டு மாதத்தைக் கழித்த திருத்திய வயது 6 மாதம்தான், அந்த வயதுக்கு என்ன செய்யவேண்டுமோ அதைத்தான் எதிர்பார்க்க வேண்டும். இரண்டு வயது வரை இப்படித்தான் கணக்கு.

குழந்தை உள்ளே வந்ததும் உடனே கை வைக்காதீர்கள். பேரணாம்பட்டிலிருந்தோ அணைக்கட்டிலிருந்தோ விடியற்காலை கிளம்பி, பஸ் மாறி, வெயிலில் வந்திருக்கும், கொஞ்சம் விடுங்கள். அந்த ஐந்து நிமிடத்தில் அம்மா அதை எப்படித் தூக்கி வந்தார், எப்படி இறக்கினார், எந்தக் கை முதலில் பொம்மைக்குப் போகிறது என்று பார்த்தாலே பாதி அசெஸ்மென்ட் முடிந்துவிடும். அப்புறம் மூன்று கேள்வி: காய்ச்சல் இருக்கிறதா, வலிப்பு மாத்திரை காலையில் கொடுத்தாச்சா, கடைசியாக எப்போது சாப்பிட்டது. இந்த மூன்றையும் கேட்காமல் எந்தக் குழந்தையையும் மேட்டில் படுக்க வைக்காதீர்கள்.

விளையாட்டு முதலில், ஸ்ட்ரெச்சிங் கடைசியில். மெதுவாக நீட்டி அரை நிமிடமாவது பிடியுங்கள், வெடுக்கென்று இழுத்தால் இறுகிய தசை இன்னும் இறுகத்தான் செய்யும். அழுகையில் வித்தியாசம் உண்டு, புது ஆளைப் பார்த்து அழுவது தானாக அடங்கும். ஆனால் ஒரு பக்க இடுப்பு மட்டும் முன்பு விரிந்த அளவு விரியவில்லை, துணி மாற்றும்போதுகூட அழுகிறது என்று அம்மா சொன்னால் அங்கேயே நிறுத்தி சீனியரைக் கூப்பிடுங்கள், இடுப்பு மூட்டு விலகியிருக்கலாம்.

இப்போது முக்கியமான வேலை, அம்மாவுக்குச் சொல்லிக்கொடுப்பது. பத்து எக்சர்சைஸ் எழுதிய தாளைக் கையில் திணித்து அனுப்புவது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. நம் வீடுகளில் ஏற்கெனவே நடப்பதற்குள்ளேயே சிகிச்சையை நுழைத்துவிடலாம். மூன்று வயதுப் பிள்ளையைக் கைக்குழந்தை மாதிரி மல்லாக்க ஏந்தி வருகிறார்களா? இரண்டு காலும் இருபுறம் விரிய இடுப்பில் உட்கார வைத்துத் தூக்கச் சொல்லுங்கள், கத்தரிபோல் பின்னிக்கொள்ளும் கால்களுக்கு அதுவே நாள் முழுக்க ஒரு ஸ்ட்ரெச். வெந்நீரில் குளிப்பாட்டி முடித்ததும் உடம்பு தளர்ந்திருக்கும், கணுக்காலை நீட்ட அதுதான் நேரம். தூளி வேண்டாம் என்று பாட்டியோடு சண்டை போடாதீர்கள். தூங்கத் தூளி, விழித்திருந்தால் பாயில் குப்புற, பக்கத்தில் யாராவது இருக்கவேண்டும், அவ்வளவுதான். படுக்க வைத்துச் சோறு ஊட்டுவதை மட்டும் கண்டிப்பாக நிறுத்தச் சொல்லுங்கள், அதில் புரையேறி நெஞ்சுச் சளி வரலாம்.

ஒரு நாளைக்கு ஒரே ஒரு விஷயம் சொல்லுங்கள். செய்துகாட்டி, அம்மாவையே உங்கள் முன்னால் செய்யச் சொல்லி, அவர் போனிலேயே வீடியோ எடுத்துக்கொடுங்கள், உங்கள் போனில் வேண்டாம். டாக்டர் மேரி வர்கீஸ் தானே சக்கர நாற்காலியில் இருந்துகொண்டு 1966-இல் மறுவாழ்வு மையம் தொடங்கிய ஊர் இது, இன்றும் சித்தூரிலிருந்து வங்காளம் வரை ஆட்கள் வருகிறார்கள். தெலுங்கு, உருது, இந்தி, வங்காளியில் "தலையைப் பிடிங்க", "மெதுவா", "வலிக்குதா" என்கிற அளவுக்காவது கற்றுக்கொள்ளுங்கள், மிச்சத்தை வீடியோ பார்த்துக்கொள்ளும்.

"எப்ப சார் நடப்பான்?" இந்தக் கேள்வி தினமும் வரும். நடந்துடுவான்மா என்றும் சொல்லாதீர்கள், நடக்கமாட்டான் என்றும் சொல்லாதீர்கள். இரண்டு வயதுக்குள் தானாக உட்காரும் சி.பி. (பெருமூளை வாதம்) குழந்தைகள் பெரும்பாலும் பின்னால் நடக்கின்றன என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஆனால் குறிப்பிட்ட ஒரு குழந்தைக்கு அது என்ன அர்த்தம் என்பதைச் சீனியர்தான் சொல்லவேண்டும். "இப்ப உட்கார்றதுக்குப் பார்க்கிறோம்மா, டாக்டரிடம் சேர்ந்தே கேட்கலாம்" என்று சொல்லி, நிஜமாகவே கூட்டிக்கொண்டு போய்க் கேளுங்கள்.

வளைபாதத்துக்கு (பிறவியிலேயே உள்நோக்கி வளைந்த பாதம்) மாவுக்கட்டு போட்ட குழந்தை வந்தால் விரல்களைப் பாருங்கள். அழுத்தி விட்டால் மறுபடி சிவக்கவேண்டும், விரல் நுனி உள்ளே போய் மறைந்தால் கட்டு நழுவிவிட்டது, வீட்டில் அப்படி ஆனால் அடுத்த வாரம் வரை காத்திருக்காமல் உடனே வரச் சொல்லுங்கள். ஏஎஃப்ஓ (கணுக்காலையும் பாதத்தையும் தாங்கும் பட்டை) போடும் பிள்ளைகளுக்கு நம்ம ஊர் மே மாத வெயில் பெரிய தொல்லை. பருத்தி சாக்ஸ், வியர்த்தால் மாற்ற இன்னொரு ஜோடி, கழற்றி அரை மணி நேரம் ஆகியும் சிவப்பு மறையவில்லை என்றால் திரும்பக் கொண்டுவரவேண்டும்.

மதியத்துக்கு மேல் நோட்ஸ். "டோன் அதிகம்" என்று மட்டும் எழுதாமல், எந்தத் தசை, ஆஷ்வர்த் (தசை இறுக்கத்துக்கான அளவுகோல்) எவ்வளவு, அம்மாவுக்கு இன்று சொல்லிக்கொடுத்தது என்ன என்று எழுதுங்கள், நாளை வேறு இன்டர்ன் பார்த்தாலும் தொடரமுடியும்.

கிளம்பும் முன் அடுத்த முறை எப்போது வரமுடியும் என்று அம்மாவிடம் கேளுங்கள். ஒரு நாள் கூலி போய்விடும் என்பதால் பலர் வருவதை நிறுத்திவிடுகிறார்கள், வெளியே சொல்லமாட்டார்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை எடுத்தாச்சா என்று விசாரித்து, இல்லையென்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு வழி சொல்லுங்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே பிசியோ வருவது உண்டு, தங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கச் சொல்லி, அந்த நிலையத்தின் பெயரை அவர் சீட்டிலேயே எழுதிக்கொடுங்கள்.