விந்தில் எச்.ஐ.வி. பரிசோதனை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கணவருக்கு எச்.ஐ.வி. இருக்கிறது, மனைவிக்கு இல்லை, குழந்தை வேண்டும். கணவர் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் எச்.ஐ.வி.யை அடக்கும் கூட்டு மருந்து வாங்கிச் சாப்பிடுகிறார். தவறாமல் சாப்பிட்டு, ஆறு மாதத்துக்கு மேல் ரத்தத்தில் வைரல் லோடு, அதாவது வைரஸின் அளவு, அடங்கியே இருந்தால் உடலுறவில் மனைவிக்குத் தொற்றாது. அப்படிப்பட்டவர்களுக்கு விந்தைக் கழுவத்தான், அதாவது விந்து நீரை ஒதுக்கி உயிரணுக்களை மட்டும் பிரித்தெடுக்கத்தான், வேண்டுமா என்பதையே முதலில் டாக்டரிடம் கேளுங்கள்.

கழுவித்தான் ஆக வேண்டும் என்றால், ரத்த ரிப்போர்ட்டை விந்துக்கும் சேர்த்து நம்பாதீர்கள். ரத்தத்தில் அடங்கிய வைரஸ் சிலருக்கு விந்தில் அவ்வப்போது தலைகாட்டும். ரேபிட் கார்டில் விந்தைச் சொட்டிப் பார்ப்பதும் வீண். அது ரத்தத்தில் ஆன்டிபாடி தேடும் கார்டு.

தொலைவில் சங்கரன்கோவிலில் வீட்டிலேயே விந்தை எடுத்து, டப்பாவோடு சித்திரை வெயிலில் பஸ் ஏறி வராதீர்கள். எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் லேபில் வேலை தொடங்கியாக வேண்டும். அங்கேயே கொடுப்பதுதான் நல்லது. கடைசியாக விந்து வெளியேறியதிலிருந்து 2 முதல் 7 நாள் இடைவெளி வேண்டும். எச்சில், எண்ணெய், ஜெல்லி கூடாது.

பெரிய தவறுகள் லேபுக்குள்தான் நடக்கின்றன. வைரஸ் பெரும்பாலும் விந்து நீரிலும் வெள்ளை அணுக்களிலும் இருக்கிறது. அதனால்தான் அடர்த்திக் கரைசலில் 80 சதவீதத்தின் மேல் 40 சதவீதம், அதன் மேல் விந்து என அடுக்கி, 300 ஜி விசையில் (புவியீர்ப்பைப் போல 300 மடங்கு) 20 நிமிடம் சுழற்றுகிறோம். 'ஆர்.பி.எம். 1500' என்று நிமிடச் சுற்றை மட்டும் குறித்தால் போதாது: சுழலும் ரோட்டரின் ஆரம் 10 செ.மீ. என்றால் அது 250 ஜி, 16 செ.மீ. என்றால் 400 ஜி. சுழற்றியபின் அடியில் உயிரணுக்கள் வெள்ளையாய் ஒரு பொட்டுப்போலப் படிந்திருக்கும். மேலடுக்குகளை உறிஞ்சிய அதே பிப்பெட்டை அந்தப் பொட்டுக்குள் விட்டால், ஒதுக்கிய விந்து நீர் திரும்ப உள்ளே போய்விடும். பட்ட பாடெல்லாம் வீண். புதுப் பிப்பெட் எடுங்கள்.

கழுவாத விந்தைச் சோதித்துவிட்டு, கழுவியதைச் சோதிக்காமலே கருப்பைக்குள் செலுத்துவது இன்னும் மோசம். உள்ளே போகப்போகும் பகுதியிலிருந்தே ஒரு சிறு பங்கை, வைரஸின் மரபுப்பொருளைத் தேடும் பி.சி.ஆர். சோதனைக்கு அனுப்ப வேண்டும். அணுவுக்கு வெளியே திரியும் வைரஸைப் பிடிக்க ஆர்.என்.ஏ., அணுவுக்குள் ஒளிந்ததைப் பிடிக்க டி.என்.ஏ., இரண்டும் வேண்டும். விந்து நீர் பி.சி.ஆரையே முடக்கிவிடும், ஆகவே இன்டர்னல் கன்ட்ரோல் (சோதனை ஒழுங்காக நடந்ததா என்று காட்டக் கூடவே ஓட்டுவது) வேலை செய்யாத 'நெகட்டிவ்' நெகட்டிவே அல்ல, திரும்பச் செய்யுங்கள். முடிவு வரும்வரை மீதியை உறையவைத்து, மற்றவர்கள் மாதிரியோடு கலக்காமல் தனி டாங்கில் வையுங்கள்.

பரிசோதனைச் சீட்டில் வெறுமனே 'ஏ.ஆர்.டி.' என்று எழுதாதீர்கள். கூட்டு மருந்துக்கும் அதே பெயர், செயற்கைக் கருத்தரிப்புக்கும் அதே பெயர். 'கழுவிய விந்து, எச்.ஐ.வி. ஆர்.என்.ஏ., டி.என்.ஏ. இரண்டும்' என்று முழுசாக எழுதுங்கள்.